கார்டன் லைட்ஃபுட்டை ஒரே தொகுப்பின் வழியாகக் கேட்பது எப்படி

'கார்ட்ஸ் கோல்ட்' 1975 நவம்பரில் ரீப்ரைஸ் நிறுவனம் வெளியிட்ட இரட்டை இசைத்தட்டு. கனடாவின் கார்டன் லைட்ஃபுட் அதுவரை எழுதிப் பாடியவற்றிலிருந்து 22 டிராக்குகள் அதில் இருக்கின்றன. அவரைப் புதிதாகக் கேட்க வருகிறவர்களில் பலர் இதில்தான் தொடங்குகிறார்கள். தொடங்க நல்ல இடம்தான். ஆனால் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை அப்படியே ஓடவிட்டுக் கேட்டால், ஒரு மனிதர் பத்தாண்டுகளில் எப்படி மாறினார் என்பது காதில் விழாது. எல்லாப் பாட்டும் ஒரே வயதில், ஒரே மனநிலையில் பாடியவை போல வழுவழுப்பாக ஓடிவிடும்.

காரணம் எளிது. இரண்டு தட்டுகளும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. இரண்டாம் தட்டில் இருப்பவை 1970 முதல் 1975 வரை வந்த ஆல்பங்களின் அசல் பதிவுகள். முதல் தட்டில் இருப்பவை 1966 முதல் 1968 வரை வெளிவந்த பாடல்கள், ஆனால் அசல் பதிவுகள் அல்ல. அந்தப் பழைய பதிவுகள் முந்தைய நிறுவனமான யுனைடட் ஆர்ட்டிஸ்ட்ஸின் கையில் இருந்தன. லைட்ஃபுட்டுக்கும் தம் பழைய பதிவுகளைத் திரும்பக் கேட்கப் பிடிக்கவில்லை. எனவே 1975இல் தம் குழுவோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி பாடிப் பதிவு செய்தார். வாத்தியக் கோர்வை லீ ஹோல்ட்ரிட்ஜ். ஆக, தட்டின் தொடக்கத்தில் ஒலிப்பது இளம் லைட்ஃபுட் அல்ல; இருபதுகளில் எழுதிய பாட்டை 36 வயதில் திரும்பிப் பார்க்கிற லைட்ஃபுட். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் தொகுப்பு முழுக்க வேறு மாதிரி கேட்கும். கீழே உள்ள வழிமுறை முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது.

எந்தப் பதிப்பு கையில் இருக்கிறது?

முதலில் பாட்டுகளை எண்ணுங்கள். இசைத்தட்டில் 22, ஒற்றை சிடியில் 21. விடுபட்டது 'அஃபேர் ஆன் எய்த் அவென்யூ'. இரண்டு தட்டையும் ஒரே சிடியில் அடக்கியபோது அன்றைய 74 நிமிட எல்லைக்குள் எல்லாம் அடங்கவில்லை; ஒரு பாட்டை வெட்டினார்கள். வெட்டியது மோசமான பாட்டை அல்ல. தொகுப்பிலேயே மிக மென்மையான மூன்று நான்கில் அது ஒன்று. சிடி வைத்திருப்பவர்கள் அந்தப் பாட்டை 1968இல் வந்த 'பேக் ஹியர் ஆன் எர்த்' ஆல்பத்திலிருந்து தனியாக எடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். அது அசல் பதிவு, 1975 பதிவு அல்ல என்பதை மட்டும் குறித்துவையுங்கள்.

ஸ்ட்ரீமிங்கில் கேட்பவர்களுக்கு வேறு சிக்கல். பாட்டின் பெயரைத் தேடினால் ஒரே பாட்டுக்கு நான்கைந்து பதிவுகள் வந்து நிற்கும்: 1960களின் அசல், 1975 மறுபதிவு, மேடைப் பதிவு, 1988 மறுபதிவு, பிறகு இவற்றையே எடுத்துத் தொகுத்த வேறு ஆல்பங்கள். அட்டைப்படத்தில் இருக்கும் ஆண்டை நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் தொகுப்பு வந்த ஆண்டைத்தான் காட்டும். நம்ப வேண்டியவை மூன்று. ஒன்று, வட்டத்துக்குள் 'பி' எழுத்துடன் வரும் ஒலிப்பதிவு உரிமை வரி. முதல் தட்டின் பாட்டுகளுக்கு, அதில் உள்ள நிறுவனப் பெயர் யுனைடட் ஆர்ட்டிஸ்ட்ஸ் அல்லது அதன் பிற்கால உரிமையாளர் என்றால் அசல், ரீப்ரைஸ் அல்லது வார்னர் என்றால் பெரும்பாலும் மறுபதிவு. இரண்டு, பாட்டின் நீளம். 'கனேடியன் ரெயில்ரோடு ட்ரிலஜி' 1967 பதிவில் ஆறரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். 1975இல் ஏழு நிமிடத்தைத் தொடும். மூன்று, உங்கள் காது. 'சாங் ஃபார் எ விண்டர்ஸ் நைட்' பாட்டில் குரலுக்குப் பின்னால் வயலின் கூட்டம் அகலமாக விரிந்தால் அது 1975.

இசைத்தட்டில் கேட்பவர்கள் டர்ன்டேபிளின் வேகத்தையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வேகம் 6 சதவீதம் கூடினால் ஏறத்தாழ அரை ஸ்வரம் மேலே போய்விடும். 3 சதவீதம் என்றால் அதில் பாதி. சாதாரணமாகக் கேட்கும்போது இது உறுத்தாது. ஆனால் ஒரு பாடகரின் குரல் 1966க்கும் 1975க்கும் இடையில் எவ்வளவு கனத்தது என்று ஒப்பிடப் போகிறோம். தட்டு வேகமாகச் சுற்றினால் 36 வயதுக் குரல் 30 வயதுக் குரலாகிவிடும், ஒப்பீடே பொய்யாகிவிடும்.

இரண்டாம் தட்டில் தொடங்குங்கள்

வரிசையை மாற்றுவதுதான் முதல் வேலை. இரண்டாம் தட்டின் 12 பாட்டுகளும் கலைத்துப்போட்ட சீட்டுக்கட்டு போல அடுக்கப்பட்டவை; கேட்க இனிமையாக இருக்கும், காலம் புரியாது. பிளேலிஸ்ட் ஒன்று தொடங்கி ஆல்பம் வந்த வரிசையில் மறுபடி அடுக்குங்கள். 1970இன் 'சிட் டவுன் யங் ஸ்ட்ரேஞ்சர்' ஆல்பத்திலிருந்து 'மின்ஸ்ட்ரல் ஆஃப் த டான்', 'இஃப் யூ குட் ரீட் மை மைண்ட்'. 1971இலிருந்து 'சம்மர் சைட் ஆஃப் லைஃப்', 'காட்டன் ஜென்னி'. 1972இன் முதல் ஆல்பத்திலிருந்து 'டான் கிஹோட்டே', 'பியூட்டிஃபுல்'. அதே ஆண்டின் இரண்டாவது ஆல்பத்திலிருந்து 'ஓல்ட் டான்ஸ் ரெக்கார்ட்ஸ்'. 1974இலிருந்து 'சன்டவுன்', 'கேர்ஃப்ரீ ஹைவே', 'சர்க்கிள் ஆஃப் ஸ்டீல்'. 1975இலிருந்து 'கோல்ட் ஆன் த ஷோல்டர்', 'ரெய்னி டே பீப்பிள்'.

இப்படி அடுக்கியபின் பாட்டைக் கேட்காதீர்கள், அடித்தளத்தைக் கேளுங்கள். முதல் இரண்டு பாட்டிலும் டிரம்ஸ் இல்லை. தாளம் முழுவதையும் கிட்டாரைப் பறிக்கும் விரலும் ரிக் ஹேன்ஸின் பேஸும்தான் சுமக்கின்றன. 1974க்கு வரும்போது அடியில் டிரம்ஸ் வந்து உட்கார்ந்திருக்கும். 'சன்டவுன்' பாட்டின் அந்த மெதுவான, தோளைத் தாழ்த்திக்கொண்டு நடக்கிற நடை அதிலிருந்து வருகிறது. நாட்டுப்புறப் பாடகராக வந்தவர் பாப் வானொலிக்குள் எப்படி நுழைந்தார் என்ற கதை இந்த ஒரு மாற்றத்தில் இருக்கிறது. 'சன்டவுன்' 1974 ஜூனில் அமெரிக்கப் பாடல் தரவரிசையான பில்போர்டு பட்டியலில் முதலிடம் போனது. ஆல்பமும் முதலிடம் போனது. குரலை உயர்த்திக் கத்தி அங்கே போகவில்லை. குரலைத் தாழ்த்தித்தான் போனார்.

'இஃப் யூ குட் ரீட் மை மைண்ட்' பாட்டுக்குத் தனியாக அரை மணி நேரம் ஒதுக்குங்கள். லைட்ஃபுட்டின் முதல் மணவாழ்க்கை உடைந்துகொண்டிருந்தபோது எழுதியது. அமெரிக்காவில் ஐந்தாம் இடம் வரை போனது. இந்தப் பாட்டு ஓடியதால் ஆல்பத்தின் பெயரையே இந்தப் பாட்டின் பெயருக்கு மாற்றினார்கள். பழைய பெயரில் தேடிக் கிடைக்காவிட்டால் புதிய பெயரில் தேடுங்கள், இரண்டும் ஒரே ஆல்பம்.

மூன்று முறை கேட்க வேண்டும். முதல் முறை கிட்டாரை மட்டும்: வலது கைக் கட்டைவிரல் அடித்தந்தியில் மாறாமல் நடக்க, மற்ற விரல்கள் மேல்தந்திகளில் பறித்துக்கொண்டே இருக்கும். குரல் எங்கே தயங்கினாலும் அந்த நடை நிற்காது. இரண்டாம் முறை நிக் டிகாரோ அமைத்த வயலின்களை: எந்த வரியில் நுழைகின்றன, எந்த வரியில் ஒதுங்கிக்கொள்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் முறை சொற்களை. பேயும் கோட்டையும், மலிவு நாவலும், திரைப்பட நாயகனும் என்று உவமைகள் மாறி மாறி வருகின்றன. நேரடியாகச் சொல்ல முடியாத ஒன்றை மூன்று வேடம் போட்டுச் சொல்லிப் பார்க்கிறார், கடைசியில் வேடத்தைக் கழற்றி வைத்துவிட்டு, உணர்வு போய்விட்டது, எப்படிப் போனதென்று தெரியவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். அந்த இடத்தில் குரல் ஏறாது. ஏற்றாமல் பாடியதுதான் அந்தப் பாட்டின் பெரிய முடிவு.

இதே பாட்டில் காதை இன்னும் நெருக்கிவைத்துக் கேட்க ஒரு சொல் இருக்கிறது. 1970 பதிவில், குறையிருக்கும் உணர்வுகள் 'உன்னிடம்' இல்லை என்ற பொருளில் ஒரு வரி வரும். பிற்காலத்தில் மகள் இங்க்ரிட் அதைச் சுட்டிக்காட்டிக் கேட்டுக்கொண்டதால், மேடையில் அந்த இடத்தை 'நம்மிடம்' என்று மாற்றிப் பாடினார். ஒரே ஒரு சொல். குற்றம் ஒருவர் தலையிலிருந்து இறங்கி இருவர் நடுவிலும் வந்து நிற்கிறது. ஸ்டூடியோ பதிவைக் கேட்டதும் ஒரு பிற்கால மேடைப் பதிவைப் போட்டு அந்த வரியில் மட்டும் நிறுத்திப் பாருங்கள். ஹிட்ஸ் தொகுப்பு எப்போதும் பழைய சொல்லைத்தான் வைத்திருக்கும்.

முதல் தட்டு: ஜோடி ஜோடியாக

முதல் தட்டை ஒருபோதும் தனியாகக் கேட்க வேண்டாம். ஒவ்வொரு பாட்டுக்கும் அதன் அசல் பதிவை முன்னால் வைத்து ஜோடியாக்குங்கள். எந்தப் பாட்டு எந்த ஆல்பத்தில் என்பது இப்படி. 1966இன் 'லைட்ஃபுட்!' முதல் ஆல்பத்தில் 'ஐயாம் நாட் சேயின்', 'ரிப்பன் ஆஃப் டார்க்னஸ்', 'ஃபார் லவின் மீ', 'ஸ்டீல் ரெயில் ப்ளூஸ்', 'எர்லி மார்னிங் ரெய்ன்'. 1967இன் 'த வே ஐ ஃபீல்' ஆல்பத்தில் 'சாங் ஃபார் எ விண்டர்ஸ் நைட்', 'கனேடியன் ரெயில்ரோடு ட்ரிலஜி', 'சாஃப்ட்லி'. 1968இன் 'டிட் ஷி மென்ஷன் மை நேம்?' ஆல்பத்தில் அதே பெயர்ப் பாட்டும் 'வேர்ஃபோர் அண்ட் வை' பாட்டும். அதே ஆண்டின் 'பேக் ஹியர் ஆன் எர்த்' ஆல்பத்தில் 'பிட்டர் க்ரீன்', மேலே சொன்ன 'அஃபேர் ஆன் எய்த் அவென்யூ'. 12 பாட்டு, ஆனால் தட்டில் 10 டிராக்குகள்தான்; இரண்டு இடங்களில் இரண்டிரண்டு பாட்டை ஒட்டிவைத்திருக்கிறார்.

ஜோடிகளைக் கேட்கும்போது பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு, ஒலியளவைச் சமப்படுத்தாமல் கேட்பது. சத்தமாக இருப்பது எப்போதும் நன்றாக இருப்பதாகத் தோன்றும். இரண்டு மூன்று டெசிபல் வித்தியாசமே போதும், காது ஏமாந்துவிடும். செயலியில் ஒலியளவைச் சமப்படுத்தும் வசதி இருந்தால் அதை இயக்குங்கள். இல்லாவிட்டால் கையால் சரிசெய்யுங்கள்: வாத்தியங்களை வைத்து அல்ல, குரலை வைத்து. இரண்டு பதிவிலும் முதல் சரணத்தின் முதல் வரியைப் போட்டுக் குரல் ஒரே தூரத்தில் நிற்கும்வரை நகர்த்துங்கள். 1975 பதிவில் வாத்தியம் கூடுதல் என்பதால் முழு ஒலியளவைச் சமப்படுத்தினால் குரல் பின்வாங்கிப்போகும். அப்போது 'பழையதில்தான் குரல் தெளிவு' என்ற தவறான தீர்ப்பு வரும்.

'எர்லி மார்னிங் ரெய்ன்' முதல் ஜோடி. கையில் ஒரு டாலரோடு, குளிரில், விமான நிலையத்தின் புல்தரையில் நின்று 707 விமானம் மேலேறிப் போவதைப் பார்க்கிற ஒருவனின் பாட்டு. சரக்கு ரயிலில் தாவி ஏறுவதுபோல ஜெட் விமானத்தில் ஏறிவிட முடியாது என்பதுதான் அதன் மையம். பழைய நாட்டுப்புறப் பாட்டின் நாடோடி புதிய காலத்தின் வேலியில் வந்து முட்டிக்கொள்கிறான். 1966 பதிவில் டிரம்ஸ் கிடையாது. லைட்ஃபுட்டோடு டேவிட் ரே, ப்ரூஸ் லாங்ஹார்ன் கிட்டார், பில் லீ பேஸ். குரலின் அதிர்வு வேகமாக, சற்றுப் பதற்றமாக இருக்கும். புல்தரையில் நிற்பவனே பாடுகிறான். 1975இல் குரல் மார்பிலிருந்து வருகிறது. ஒவ்வொரு வரியின் கடைசி அசையிலும் நின்று கார்வை கொடுத்துத்தான் விடுகிறார். நிற்பவனை நினைத்துப் பார்க்கிறவர் பாடுகிறார். எது மேல் என்று கேட்டால், எங்கள் ஓட்டு 1966க்கு. ஆனால் 1975 பதிவைத்தான் உலகம் அதிகம் கேட்டிருக்கிறது.

'ட்ரிலஜி' நேர்மாறு. கனடா ஒலிபரப்புக் கழகம் நாட்டின் நூற்றாண்டையொட்டி 1967 ஜனவரி 1 ஒலிபரப்புக்காகக் கேட்டு எழுதவைத்த பாட்டு. கண்டத்தின் குறுக்கே ரயில் பாதை போட்ட கதை: வேகமான பகுதி, பாதை போட்ட கூலியாட்களின் மெதுவான பகுதி, மறுபடி வேகம். இங்கே வேகம் மாறும் மூட்டுகளைக் கேளுங்கள். 1967 பதிவில் அவை துண்டாகத் தெரியும். பெரிய வண்டியைச் சிறிய குழு இழுக்கிறது. 1975இல் குழு பல ஆண்டுகள் மேடையில் இதை வாசித்துப் பழகிவிட்டது. மெதுவான பகுதிக்குள் இறங்குவது பிரேக் பிடித்ததுபோல இல்லாமல் ஏற்றத்தில் வண்டி தானே தளர்வதுபோல இருக்கும். ஏழு நிமிடப் பாட்டுக்கு அந்த மூச்சு தேவைப்பட்டது. மூன்றாவதாக ஒரு பதிவும் இருக்கிறது: 1969இல் வந்த 'சண்டே கான்சர்ட்', டொரன்டோவின் மாஸி ஹாலில் பதிவானது. முடிந்தால் நடுவில் அதை வைத்துக் கேளுங்கள்.

'சாங் ஃபார் எ விண்டர்ஸ் நைட்' பனிக்கால இரவைப் பற்றியது, எழுதியதோ கோடையில், கிளீவ்லாந்து நகரில் இடிமழை பெய்த ஓர் இரவில். 1975இன் வயலின்கள் அழகானவைதான். ஆனால் விளக்கு மங்கும் அறையில் தனியாக ஒருவன் என்ற காட்சிக்கு அத்தனை பேர் அறைக்குள் வந்திருக்க வேண்டாம்.

ஒட்டிவைத்த டிராக்குகளில் 'ஃபார் லவின் மீ' இருக்கும் இடம் கவனத்துக்குரியது. 1965இல் பீட்டர், பால் அண்ட் மேரி பாடிப் புகழ்பெற்ற பாட்டு. லைட்ஃபுட்டின் பெயரை அமெரிக்காவுக்குக் கொண்டுபோன பாட்டுகளில் ஒன்று. காதலித்தவளை விட்டுப்போவதைப் பெருமையாகச் சொல்லும் பாட்டு அது. பிற்காலத்தில் அந்த ஆண் திமிருக்காக அவரே அதைப் பாட விரும்பாமல் ஒதுக்கினார். 1975இல் அதை முழுதாகத் தராமல், அதன் பின்னாலேயே 'டிட் ஷி மென்ஷன் மை நேம்' பாட்டை ஒட்டியிருக்கிறார். ஊர்க்காரன் ஒருவனிடம் ஊர்க்கதையெல்லாம் விசாரித்துக்கொண்டே, போகிற போக்கில், அவள் என் பெயரைச் சொன்னாளா என்று கேட்கிற பாட்டு. விட்டுப்போனதைப் பெருமை பேசிய வாய், மூச்சு விடுவதற்குள் அவளைப் பற்றி விசாரிக்கிறது. இது வெறும் நேரச் சிக்கனத்துக்காக ஒட்டியது என்று கேட்டுக் கடந்துவிடாதீர்கள்.

தொகுப்பில் இல்லாதவை

ஒரு ஹிட்ஸ் தொகுப்பு எதை விட்டது என்பது எதை வைத்தது என்ற அளவுக்கு முக்கியம். இங்கே இரண்டு பெரிய விடுபடல்கள்.

முதலாவது 'ப்ளாக் டே இன் ஜூலை', 1968. அதற்கு முந்தைய ஆண்டு டெட்ராய்ட்டில் நடந்த கலவரத்தைப் பற்றியது. அமெரிக்க வானொலி நிலையங்கள் பலவும் அதை ஒலிபரப்ப மறுத்தன. ஹிட் ஆகாததால் ஹிட்ஸ் தொகுப்பில் இல்லை, அவ்வளவுதான். ஆனால் இது இல்லாமல் முதல் தட்டைக் கேட்டால் லைட்ஃபுட் ரயிலும் மழையும் காதலும் மட்டும் பாடியவர் என்ற எண்ணம் வந்துவிடும். பிளேலிஸ்ட்டில் 'வேர்ஃபோர் அண்ட் வை' பாட்டுக்குப் பின்னால் செருகுங்கள். இரண்டும் ஒரே ஆல்பம். ஒட்டிக் கேட்டால் அந்த ஆண்டின் வெளிச்சமும் புகையும் சேர்ந்து தெரியும்.

இரண்டாவது விடுபடலுக்கு யாரும் பொறுப்பல்ல. எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற சரக்குக் கப்பல் சுப்பீரியர் ஏரியில் 29 பேரோடு மூழ்கியது 1975 நவம்பர் 10 அன்று. தொகுப்பு வந்த அதே மாதம். அவருடைய மிகப் பெரிய பாட்டுகளில் ஒன்று தொகுப்பு கடைக்குப் போன நேரத்தில் இன்னும் பதிவாகவில்லை. 'த ரெக் ஆஃப் தி எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட்' 1975 டிசம்பரில் டொரன்டோவின் ஈஸ்டர்ன் சவுண்ட் ஸ்டூடியோவில் பதிவாகி, 1976இல் 'சம்மர்டைம் ட்ரீம்' ஆல்பத்தில் வந்தது. ஆறரை நிமிடம், பல்லவி இல்லை, சரணம் மேல் சரணமாக அலை போல வந்துகொண்டே இருக்கும். அமெரிக்காவில் இரண்டாம் இடம்.

இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். அந்தப் பாட்டைத் தேடி 'கார்ட்ஸ் கோல்ட்' இரண்டாம் தொகுதிக்குப் போகிறார்கள். அது 1988இல் வந்தது. அதிலும் பெரும்பாலானவை புதிதாகப் பாடிப் பதிவானவை. முதல் தொகுதியின் மறுபதிவுகளுக்கு ஒரு நியாயம் இருந்தது: குரல் அப்போது உச்சத்தில் இருந்தது, குழு கனிந்திருந்தது. 1988இல் குரல் மெலிந்து, மூக்கோடு சேர்ந்து ஒலிக்கத் தொடங்கிவிட்டது. கப்பல் பாட்டை அந்தப் பதிவில் முதன்முதலாகக் கேட்பவர் அந்தப் பாட்டை இழந்துவிடுகிறார். 1976 அசலை எடுங்கள். அதில் எலெக்ட்ரிக் கிட்டாரும் ஸ்டீல் கிட்டாரும் சரணங்களுக்கு நடுவே காற்று திசைமாறுவதுபோல வந்துபோவதைக் கேளுங்கள். 1988 பதிவைக் கடைசியில், ஒப்பிடுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாமே அசல் பதிவாக வேண்டும், தேடி அலைய நேரமில்லை என்பவர்களுக்கு 2002இல் ரைனோ வெளியிட்ட 'கம்ப்ளீட் க்ரேட்டஸ்ட் ஹிட்ஸ்' 20 பாட்டுடன் இருக்கிறது. ஆழமாகப் போக விரும்புபவர்களுக்கு 1999இன் 'சாங்புக்' பெட்டி, 4 சிடி, 88 பாட்டு. இவை காலத்தைச் சரியாகச் சொல்லும். ஆனால் 'கார்ட்ஸ் கோல்ட்' தரும் ஒன்றை இவற்றால் தர முடியாது: பாடகரே உட்கார்ந்து தம் இளமையைத் திருத்தி எழுதிய ஆவணம் அது.

1975க்குப் பிறகு

தொகுப்பு நின்ற இடத்திலிருந்து மேலும் 45 ஆண்டுகள் அவர் பாடினார். அதற்கு ஏழெட்டுப் பாட்டு போதும். 1976இலிருந்து கப்பல் பாட்டும் 'ரேஸ் அமங் த ருயின்ஸ்' பாட்டும். 1978இன் 'எண்ட்லெஸ் வயர்' ஆல்பத்திலிருந்து 'டேலைட் கேட்டி'. 1982இன் 'ஷேடோஸ்' பெயர்ப் பாட்டு. அவர் குடியை நிறுத்திய ஆண்டும் அதுதான். 1993இன் 'வெயிட்டிங் ஃபார் யூ' ஆல்பத்திலிருந்து 'ரெஸ்ட்லெஸ்'. 1998இன் 'எ பெயின்டர் பாஸிங் த்ரூ' பெயர்ப் பாட்டு. 80களின் நடுப்பகுதியைத் தைரியமாகத் தாண்டலாம். சிந்தசைசர் பூச்சு அவர் குரலோடு ஒட்டவில்லை.

2004இன் 'ஹார்மனி' ஆல்பத்தைக் கேட்கும் முன் ஒரு தகவல் தெரிந்திருக்க வேண்டும். 2002 செப்டம்பரில் வயிற்றில் ரத்தநாளம் வெடித்து ஆறு வாரம் நினைவில்லாமல் கிடந்தார். அந்த ஆல்பத்தின் குரல், நோய்க்கு முன் மாதிரிக்காகப் பாடிவைத்த பதிவுகளிலிருந்து எடுத்தது. குழு பின்னால் சேர்ந்து வாசித்தது. குரலும் வாத்தியமும் சில இடங்களில் ஒன்றையொன்று பார்க்காமல் நடப்பதுபோலத் தோன்றினால் அது உங்கள் காதின் பிழை அல்ல.

கப்பல் பாட்டின் மேடைப் பதிவுகளைத் தேடுபவர்கள் ஆண்டைப் பார்த்து எடுங்கள். விபத்துக்கு மாலுமிகளின் கவனக்குறைவு காரணமாக இருந்திருக்கலாம் என்று எண்ண இடம்கொடுத்த வரி ஒன்று அதில் உண்டு: மாலை ஏழு மணிக்கு மேல்தளக் கதவு உடைந்து உள்வாங்கியது. புதிய ஆய்வு ஒன்று மாலுமிகள்மீது பிழையில்லை என்று காட்டியபின், 2010 முதல் மேடையில் அதை இருட்டிக்கொண்டு வந்ததாக மாற்றிப் பாடினார். மாலுமிகளின் குடும்பங்களுக்காகச் செய்த மாற்றம். பதிப்புரிமையில் இருக்கும் பழைய வரியை மாற்றவில்லை. எனவே எந்தத் தொகுப்பிலும் இந்தத் திருத்தம் கிடைக்காது. 2010க்குப் பிந்தைய மேடைப் பதிவில் மட்டும்தான். 2023 மே 1 அன்று லைட்ஃபுட் 84 வயதில் மறைந்தபோது, அந்தப் பாட்டில் வரும் டெட்ராய்ட் மாலுமிகள் தேவாலயத்தில் மறுநாள் மணியை 30 முறை அடித்தார்கள். கப்பலில் போன 29 பேருக்கும், பாடியவருக்கு ஒன்றும்.

இதே முறையை மற்றவர்கள்மேல் போட்டுப் பார்க்க விரும்பினால் இரண்டு பேர் உடனே பொருந்துவார்கள். ஜான் டென்வரின் 1973 ஹிட்ஸ் தொகுப்பில், குரல் முன்னைவிடத் தேறிவிட்டதாகக் கருதிச் சில பழைய பாட்டுகளை அவரே மறுபடி பாடிச் சேர்த்திருக்கிறார். ஜேம்ஸ் டெய்லரின் 1976 தொகுப்பில் பீட்டில்ஸ் குழுவின் ஆப்பிள் இசை நிறுவனத்துக்காக முன்பு பாடிய இரண்டு பாட்டுகளும் மறுபதிவுகள். உரிமை சிக்கிக்கொண்டிருந்ததால் வேறு வழியில்லை. இருவரிலும் காரணம் வேறு, அதனால் கேட்கும் விதமும் வேறு. விருப்பப்பட்டுத் திருத்தியவரிடம் என்ன திருத்தினார் என்று கேளுங்கள். கட்டாயத்தில் திரும்பப் பாடியவரிடம் எதைக் காப்பாற்ற முயன்றார் என்று கேளுங்கள்.

கடைசி ஜோடியைத் தனியாக, இரவில், ஹெட்ஃபோனில் கேளுங்கள். முதலில் 1966இன் 'எர்லி மார்னிங் ரெய்ன்'. உடனே 2020இல், 81 வயதில் அவர் வெளியிட்ட 'சோலோ' ஆல்பத்தின் 'ஓ ஸோ ஸ்வீட்'. குழு இல்லை, வயலின் இல்லை, ஒரு கிட்டார் மட்டும். ஒலியளவை இங்கே சமப்படுத்த வேண்டாம். குரல் மிகத் தாழ்ந்து, மூச்சும் சொல்லும் ஒன்றாகக் கலந்து வரும். கிட்டார்மேல் காதை வையுங்கள். கட்டைவிரல் அடித்தந்தியில் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.